இருபத்துமூன்றாம் எண் வீட்டில் யாரும் இல்லை

ஆகஸ்ட் மாதம் பாதி கழிந்ததும் ஆசிரியைகளுக்குத் தெருக்களைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். வீடு வீடாகப் போக வேண்டும். பள்ளிக்கூட வயதில் யார் யார் இருக்கிறார்கள், எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று எழுதி வர வேண்டும். எனக்கு ஏழு வருடமாக அதே தெரு, அதே நாற்பத்தொரு கதவு, அதே நாய்கள். நாய்களுக்கு என்னைத் தெரியும். ஆனாலும் குரைக்கும்.

படிவத்தின் கடைசிக் கட்டத்தில் 'படிக்காத குழந்தைகள்' என்று இருக்கும். அதில் பூஜ்யம் போட வேண்டும். அப்படி யாரும் சட்டம் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒன்று என்று போட்டுப் பாருங்கள், ஏன் ஒன்று, எப்படி ஒன்று, இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று பனிக்காலம் முழுவதும் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

என் பெயர் புருல். சின்ன வகுப்புகளுக்கு இருபத்திரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். எங்கள் பக்கத்தில் ஆசிரியையை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எண்பது வயதுக் கிழவரும் எனக்கு வழி விட்டு, "போங்கக்கா" என்பார்.

ஆரம்ப வருடங்களில் பள்ளிக்கு வராத குழந்தையைச் சந்தையில் பார்த்தால் எனக்கு அழுகை வரும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதன் வீட்டு வாசலில் நின்று சண்டை போட்டிருக்கிறேன். அப்புறம் எப்போதோ அது நின்றுவிட்டது. எப்போது என்று தெரியவில்லை. கால் மரத்துப் போனால் தரையில் இரண்டு தட்டுத் தட்டலாம். இது எங்கே மரத்திருக்கிறது என்றே தெரியாதபோது எங்கே தட்டுவது?

அந்த ஆகஸ்டிலும் அப்படித்தான் கிளம்பினேன். நகரத்தை ஒட்டி வயலை அழித்துக் கட்டிய குடியிருப்பு எங்களுடையது. தெருவில் கணுக்கால் வரை புழுதி. எந்த வீட்டுக்குப் போனாலும் ரொட்டியில் ஒரு துண்டாவது பிட்டு வாயில் போடாமல் அனுப்ப மாட்டார்கள். அவசரம் என்றால் வாசலுக்கே தட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். நாற்பத்தொரு வீட்டுக்கு நாற்பத்தொரு துண்டு. சாயந்திரம் வீடு திரும்பும்போது என் வயிறு மாவுமூட்டை மாதிரி இருக்கும்.

பதினேழாம் எண் வீட்டில் தமிரா ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் அவளுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. தெருவில் பாதிப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடைக்கு மேல் கட்டும் வெள்ளை ஏப்ரன் அவள் தைப்பதுதான்.

"எத்தனை பேர், தமிரா?"

"மூணு பேர்க்கா. போன வருஷம் சொன்ன அதே மூணுதான். நடுவுல ஒண்ணும் பெத்துக்கலை, பயப்படாதீங்க" என்றாள், வாயில் ஊசியோடு.

மூன்று பெயரையும் எழுதிக்கொண்டேன். அவள் பெற்றது நான்கு என்று எனக்குத் தெரியும். தெருவில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது பெண்ணைத் தொட்டில் காலத்திலேயே கணவனின் அண்ணன் சபருக்கும் அவர் மனைவி ராய்கானுக்கும் கொடுத்துவிட்டாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. எங்களில் இது வழக்கம்தான். கொடுத்த பிறகு பெற்றவள் வாயில் 'என் பிள்ளை' என்று வரக்கூடாது. ஊர் வாயிலும் வரக்கூடாது. அந்தப் பிள்ளையின் காதில் விழும்படி யாராவது சொல்லிவிட்டால், அவர்களை அப்புறம் ஒருவரும் மனிதரில் சேர்க்க மாட்டார்கள்.

அந்தப் பிள்ளை இருந்தது அதே ஒற்றைப்படை எண் வரிசையில், மூன்று வீடு தள்ளி, இருபத்துமூன்றாம் எண் வீட்டில். பெயர் குந்தூஸ். வயது பத்து.

"வாங்க வாங்க, கணக்குப்பிள்ளை வந்தாச்சு!" என்று ராய்கான் உள்ளேயிருந்தே சத்தம் போட்டாள். கனத்த உடம்பு, கனத்த குரல். "என் பல்லையும் எண்ணிட்டுப் போங்கக்கா. நாலு குறையுது. எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போச்சுன்னு தெரியலை."

உப்புத் தயிரை உருட்டிக் காயவைத்துச் சந்தையில் விற்பது அவள் தொழில். முற்றத்தில் பலகை பலகையாக வெள்ளை உருண்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. தயிர் உருட்டிக்கொண்டிருந்த குந்தூஸ் எழுந்து கை கழுவி, கிண்ணத்தில் பாதி அளவு டீ ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினாள். உப்பு அரித்து அவள் உள்ளங்கை வெடித்திருந்தது. நான் பார்த்தேன். டீயை வாங்கிக் குடித்தேன்.

அவளுக்கு ஏழு வயதானபோது, 'எங்க வீட்டுல பள்ளிக்கூடம் போற பிள்ளை யாரும் இல்லை' என்றாள் ராய்கான். 'யாரும் இல்லை' என்று எழுதினேன். எட்டு வயதில், ஒன்பது வயதில், 'அங்க மலைப்பக்கம் நாரின்ல என் அண்ணன் வீட்டுல இருந்து படிக்கறா, லீவுக்கு வந்திருக்கா' என்றாள். அதையும் அப்படியே எழுதினேன். டிசம்பர் மாதத்தில் இதே தெருவில் பனியில் இந்தப் பெண் தண்ணீர்க் குடம் தூக்கிப் போவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அது என்ன லீவு என்று கேட்கவில்லை. கொடுத்த பிள்ளை பற்றிய பேச்சு. கேட்பது மரியாதை இல்லை.

"இந்த வருஷம் அங்க படிக்கற பள்ளிக்கூடத்துலருந்து ஒரு சான்று வேணும்னு சொல்றாங்க, ராய்கான்" என்றேன்.

"அதுக்கென்ன, அனுப்பச் சொல்றேன். ரொட்டி எடுத்துக்குங்க."

ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

சான்று வரவில்லை. நானே நாரின் மலைப்பக்கத்து அந்தக் கிராமப் பள்ளிக்குப் போன் செய்தேன். தலைமையாசிரியர் சிரித்தார்.

"அப்படி ஒரு பொண்ணு இங்க இல்லைக்கா. மொத்தமே அம்பத்தாறு பிள்ளைங்க. எல்லார் பேரும் சொல்லுவேன். வேணும்னா அவங்க வீட்டு ஆடுங்க பேரையும் சொல்றேன்."

எங்கள் தலைமையாசிரியை வெனேரா அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை. களைத்தவர்.

"ரஷ்யாவுக்குப் போயிட்டாங்கன்னு எழுதுங்க, புருல். பாதி ஊரு அங்கதான் இருக்கு. ரஷ்யாவுக்குப் போன் போட்டு யாரு கேக்கப்போறா?"

"போன வாரம்தான் அந்தப் பொண்ணு கையால டீ குடிச்சேன்."

"டீ நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்போ விடுங்க. எழுதுங்க."

எழுதினேன். பென்சிலில். எனக்குக் கோபமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. நல்ல எழுத்தாக விழுந்ததா என்று மட்டும் பார்த்தேன்.

ஊரைவிட்டுப் போன குழந்தை என்றால் பிறப்புச் சான்றின் எண்ணையும் பெற்றோர் கையெழுத்தையும் படிவத்தில் சேர்க்க வேண்டும். ஆகவே மறுநாள் மறுபடி இருபத்துமூன்றாம் எண்ணுக்குப் போனேன். பொய்யைச் சரியாக முடிக்கத்தான் போனேன். வேறு எதற்கும் இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் ராய்கான் தொடையில் தட்டிச் சிரித்தாள். "ரஷ்யாவா! நான் பிளேன்ல ஏறினதே இல்லைக்கா. உங்க பேப்பர்லயாவது போயிட்டு வரேன்."

"பிறப்புச் சான்று நம்பர் வேணும்."

அவள் கை இரண்டிலும் தயிர். எழுந்துகொள்ள முழங்காலும் விடாது. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "குந்தூஸ்! பெட்டியில, துணிக்கு அடியில பச்சை அட்டை ஒண்ணு இருக்கு பாரு. அதை எடுத்துட்டு வந்து அக்காகிட்ட குடு."

குந்தூஸ் கொண்டுவந்தாள். அட்டையை விரித்து, முகத்துக்கு நேராகப் பிடித்து, உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தாள். மேலே இருக்க வேண்டிய அரசு முத்திரை கீழே கிடந்தது. தலைகீழாகப் பிடித்திருந்தாள். எது மேல், எது கீழ் என்று அவளுக்குத் தெரியவில்லை.

என் பக்கத்தில் வந்து முட்டி போட்டு உட்கார்ந்து கேட்டாள். "இதுல என் பேரு எங்க இருக்குக்கா?"

நான் அட்டையைத் திருப்பினேன். முதல் வரியில் விரலை வைத்தேன். "இதோ."

"இதுவா? இவ்வளவு சின்னதாவா?"

அதற்குக் கீழே, இரண்டு விரல் தள்ளி, அப்பா பெயர் இருந்தது. சபர் இல்லை. அதற்கும் கீழே அம்மா பெயர். தமிரா. என் கட்டைவிரல் தானாகப் போய் அதை மூடிக்கொண்டது. மூட வேண்டிய தேவையே இல்லை என்று அப்புறம்தான் புரிந்தது. அந்த வீட்டில் அட்டையை ஒளித்து வைக்கவே இல்லை. பத்து வயதுப் பெண்ணிடமே எடுத்து வரச் சொல்லலாம். அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே.

ராய்கானைப் பார்த்தேன். தயிர் உருட்டிய கை அப்படியே நின்றிருந்தது.

"குழாயடிக்குப் போய்த் தண்ணி பிடிச்சுட்டு வா, கண்ணு" என்றாள். குந்தூஸ் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்கும் வரை காத்திருந்தேன்.

"பள்ளிக்கூடத்துல சேர்க்க இந்த அட்டையைக் காட்டணும், அதானே?" என்றேன். "அதுக்காகவா மூணு வருஷம்?"

"வகுப்புல பேரைக் கூப்பிடுவீங்க. அப்பன் பேரையும் சேர்த்துக் கூப்பிடுவீங்க. அது வேற பேரா இருக்கும். பிள்ளைங்க சும்மா விடுமா?"

"வெறும் பேரை மட்டும் கூப்பிடறேன்."

"சரி. இன்னிக்கு நீங்க கூப்பிட மாட்டீங்க. நாளைக்கு அவளுக்குப் படிக்க வந்துடும்ல?" ராய்கானின் பெரிய குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. "படிக்க வந்த அன்னிக்கு முதல்ல அதைத்தான்கா படிப்பா. அப்புறம் என்னை அம்மான்னு கூப்பிடறப்ப, அவ கண்ணு என்னைப் பார்க்காது. மூணு வீடு தள்ளிப் பார்க்கும். உங்களுக்கென்ன, எழுதிட்டுப் போயிடுவீங்க."

அவள் சொன்னது சரிதான். மூன்று வருடமாக நான் எழுதிவிட்டுத்தான் போனேன். அவள் பயந்தாள், தமிரா கொடுத்த வாக்கைக் காத்தாள், நான் மரியாதை காத்தேன். மூன்று பேரும் சேர்ந்து ஒரு பெண்ணை அவள் பெயர் எங்கே இருக்கிறது என்று தெரியாத இடத்தில் உட்கார வைத்திருந்தோம். இதை நினைத்தபோது எனக்கு உள்ளே ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. வாய் மட்டும் பேசியது.

"விண்ணப்பத்துல அட்டையில இருக்கற அம்மா கையெழுத்துப் போடணும், ராய்கான். தமிரா கையெழுத்து வேணும்."

அந்த வீட்டில் அந்தப் பெயரை அப்படி யாரும் சொன்னதில்லை. ராய்கான் மறுபடி தயிரை உருட்ட ஆரம்பித்தாள். நான் எழுந்தேன். ரொட்டித்தட்டு அவள் பக்கத்திலேயே இருந்தது. எடுத்து நீட்டவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ரொட்டி தொடாமல் நான் வெளியே வந்த வீடு அது ஒன்றுதான்.

தெருவிலேயே நின்று, பையிலிருந்து அழிப்பானை எடுத்து, 'ரஷ்யா'வை அழித்தேன்.

பதினேழாம் எண்ணுக்குப் போனேன். தமிரா மெஷினை நிறுத்தவில்லை.

"நான் கையெழுத்துப் போட்டா, குடுத்ததைத் திரும்பக் கேக்கற மாதிரி ஆகிடும்கா."

"கேக்கலை. கையெழுத்துதான்."

"ராய்கான் அக்கா தன் வாயால வந்து சொல்லட்டும். அவங்க பிள்ளை. நான் யாரு?" என்றாள். சொல்லிவிட்டு மெஷினை வேகமாக மிதித்தாள். தையல் கோணலாகப் போவது எனக்கே தெரிந்தது.

வெனேரா அக்காவின் மேஜையில் படிவத்தை வைத்தேன். கடைசிக் கட்டத்தில் ஒன்று என்று எழுதியிருந்தது, மையில். அவர் ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். "பனிக்காலம் பூரா எழுதுவீங்க" என்றார். "எழுதறேன்" என்றேன்.

ஆகஸ்ட் முப்பத்தொன்று மத்தியானம், மூச்சு வாங்க ராய்கான் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். கையில் விண்ணப்பம், பச்சை அட்டை. தமிராவின் கையெழுத்து இருந்தது.

"பிள்ளை அன்னிக்கு 'என் பேரு எங்க'ன்னு கேட்டது காதுலயே நிக்குதுக்கா. நானே போய்க் கேட்டேன். வாசல்லயே நின்னு வாங்கினேன். ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கலை. அவ ரொட்டி எடுத்துட்டு வந்தா. பிட்டு வாயில போட்டேன், முழுங்க முடியலை" என்றாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இந்த அட்டை பிள்ளை கையில போகக் கூடாது. நகல் எடுத்துட்டு என் கையில நீங்களே குடுக்கணும். சொல்லுங்க."

"உன் கையிலதான் குடுப்பேன், ராய்கான்."

செப்டம்பர் முதல் தேதி குந்தூஸ் வந்தாள். தலையில் இரண்டு பெரிய வெள்ளை ரிப்பன் பூ, வெள்ளை ஏப்ரன். ஏப்ரன் தோளிலும் இடுப்பிலும் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. அளவு எடுக்க அவளை யாரும் கூப்பிடவில்லை என்று ராய்கான் பிற்பாடு சொன்னாள்.

ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே அவள் முழங்கால் மேஜையில் இடித்தது. 'ஒட்டகம்' என்று பெயர் வைத்தார்கள். "ஒட்டகத்துக்கு ஒரு வாரம் தண்ணி வேண்டாம். நீங்க மணிக்கொரு தடவை ஒண்ணுக்குப் போறீங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். அதோடு அடங்கிவிட்டார்கள். மதியம் எல்லோரும் போன பிறகு ஒரு மணி நேரம் அவளை மட்டும் உட்கார வைத்துக்கொள்வேன். எழுத்து அவளுக்குப் பசித்தவனுக்குச் சோறு மாதிரி இறங்கியது. நவம்பரில் கடைப்பலகைகளைப் படித்தாள். டிசம்பரில் என் செய்தித்தாளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். இருபத்தெட்டுப் பிள்ளைகள், விளக்கக் கடிதங்கள், கணப்பு எரியாத வகுப்பறை. நாள் போனது, அவ்வளவுதான்.

நகலெடுக்கும் இயந்திரம் இலையுதிர்காலம் முழுக்கப் பழுதாகிக் கிடந்தது. டிசம்பர் கடைசியில் சரியானது. ஒரு வெள்ளிக்கிழமை அலுவலகத்திலிருந்து நகலெடுத்து முடித்த பிறப்புச் சான்றுகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார்கள். ஒவ்வொன்றாக உறையில் போட்டு, பெயர் கூப்பிட்டு, "வீட்டுல குடுத்துடு, தொலைச்சிடாதே" என்று பிள்ளைகளிடம் கொடுத்தேன். இருபத்திரண்டு வருடமாகச் செய்கிற வேலை. கை செய்தது, நான் அங்கே இல்லை. இருபத்தெட்டு உறையும் தீர்ந்தன. ஒன்றையும் ஒட்டவில்லை.

பிள்ளைகள் போனதும் ஜன்னலருகே போய் நின்றேன். பள்ளிக் கேட் அருகே பனியில் குந்தூஸ் தனியாக நின்றுகொண்டிருந்தாள். கையுறையைப் பல்லால் கழற்றினாள். உறையிலிருந்து பச்சை அட்டையை எடுத்து விரித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்குப் படிக்கத் தெரியும். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நேராகத்தான் பிடித்திருந்தாள். உதடு அசைந்தது. ஒரு வரி. இன்னொரு வரி. அப்புறம் உதடு நின்றுவிட்டது. பனி அட்டையில் விழ விழ, ஏப்ரன் நுனியால் துடைத்தாள். நான் ஓடிப்போயிருக்க வேண்டும். ஜன்னலருகிலேயே நின்றேன். அவள் அட்டையை மடித்து உறையில் வைத்து, கையுறையை மாட்டிக்கொண்டு நடந்தாள். பதினேழாம் எண் வீடு முதலில் வரும். அதைத் தாண்டித்தான் இருபத்துமூன்று.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் ராய்கான் வீட்டுப் பக்கமே போகவில்லை. கோழைத்தனம்தான். வேறு பெயர் அதற்கு இல்லை.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் குந்தூஸ் வந்துவிட்டாள். வகுப்பறையில் நாங்கள் இருவர் மட்டும். ஜன்னல் கண்ணாடி உறைந்து வெள்ளையாக இருந்தது.

"வீட்டுல குடுத்துட்டியா?" என்றேன்.

"குடுத்துட்டேன்கா."

"அம்மா என்ன சொன்னாங்க?"

அவள் பையிலிருந்து ஒவ்வொரு நோட்டாக எடுத்து மேஜையில் வைத்தாள். "முதல்ல பயந்துட்டாங்க. தயிர்ப் பாத்திரத்தைக் கீழ போட்டுட்டாங்க. நான் அட்டையை அன்னிக்கு மாதிரியே தலைகீழா பிடிச்சு, 'இதுல என் பேரு எங்கம்மா இருக்கு, இந்த எழுத்தெல்லாம் வேற மாதிரி இருக்கே'ன்னு கேட்டேன்."

கடைசி நோட்டையும் எடுத்து வைத்தாள்.

"அம்மா சிரிச்சாங்க. 'நாலு மாசமா என்னத்தைத்தான் படிச்சியோ, போ'ன்னாங்க. அப்புறம் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. ரொம்ப நேரம்." நோட்டைத் திறந்து தேதி எழுதினாள், கோடு பிசகாமல், அழகாக. "நீங்களும் சொல்லிடாதீங்கக்கா. அம்மாவுக்குத் தாங்காது."

பிள்ளைகள் பூட்ஸைத் தட்டிக்கொண்டு உள்ளே வர ஆரம்பித்தார்கள். நான் பெயர்ப் பதிவேட்டைத் திறந்தேன். பேனாவைப் பிடிக்க முடியவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாயால் மட்டும் கூப்பிட்டேன். அவள் முறை வந்தபோது, வாக்குக் கொடுத்தபடி, வெறும் பெயரை மட்டும் சொன்னேன்.

"குந்தூஸ்."

"இருக்கேன்கா" என்றாள்.